பவுசருக்கு ஒருவரையும் தெரியாது

திருகோணமலையில் பவுசரின் விசிட்டிங் கார்ட் கிடைக்காத உயிர் என்று ஒன்று இல்லை. நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்கிறவர்கள் எங்கள் பஸ் நிலையத்தில் திரியும் மான்களைப் போய்க் கேளுங்கள். ஒருநாள் அவர் ஒரு வங்கி மனேஜருக்குக் கார்டை நீட்டிக்கொண்டு நின்றார். மனேஜர் ரெலிபோனில் கதைப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னால் நின்ற கொம்பு மான் ஒன்று கழுத்தை நீட்டி அந்தக் கார்டை வாங்கித் தின்றது. பவுசர் முகம் கோணவில்லை. சட்டைப் பையிலிருந்து அடுத்த கார்டை எடுத்தபடி என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களே தம்பி, மானுக்கு இருக்கிற மரியாதை மனேஜருக்கு இல்லை."

அந்தக் கார்டை அடித்துக் கொடுத்தவன் நான். உட்துறைமுக வீதியில் எனக்கு ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. விசிட்டிங் கார்ட், கலியாணக் கார்ட், கண்ணீர் அஞ்சலி என்று ஒரு மனிதன் தன்னைப் பற்றி ஊருக்கு அறிவித்தல் கொடுக்கிற மூன்று சந்தர்ப்பங்களிலும் என்னிடம்தான் வரவேண்டும். மூன்றாவதுக்கு மட்டும் அவருக்காக வேறு யாராவது வருவார்கள். பவுசர் முதலாவதுக்கு மட்டுமே வருவார், ஆனால் மற்ற எல்லோரும் மூன்றுக்கும் சேர்த்து வருவதைவிடக் கூடுதலாக வருவார்.

அவருடைய தொழிலைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பவுசர் என்கிற தாங்கி வண்டி மூன்று வகை. ஒன்று தண்ணீர், ஒன்று எண்ணெய். மூன்றாவது வகையைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லமாட்டார்கள். வீடுகளிலும் ஹொட்டேல்களிலும் மலசலகூடக் குழி நிரம்பிவிட்டால் தாங்கி வண்டியைக் கொண்டுவந்து, தடித்த குழாயை இறக்கி, உள்ளே இருப்பதை உறிஞ்சிக்கொண்டு போகிற வண்டி அது. தனியார் கையில் இருந்த அப்படியான வண்டி இவருடையது ஒன்றுதான். அதனால் ஊரில் வைத்தியர், வக்கீல், அதிபர், முதலாளி எல்லோருடைய கைபேசியிலும் இவருடைய இலக்கம் இருந்தது. என்ன, ஒருவருடைய கைபேசியிலும் இவருடைய பெயரில் இருக்கவில்லை. ஒருவர் 'மேசன்' என்று பதிந்து வைத்திருந்தார். இன்னொருவர் 'மட்டக்களப்புச் சித்தப்பா' என்று பதிந்திருந்தார்.

கூப்பிடுகிறபோதும் விஷயத்தைச் சொல்ல மாட்டார்கள். "அந்த அலுவலுக்கு ஒருக்கா வாங்கோ" என்று குரலைத் தாழ்த்துவார்கள். எந்த அலுவல் என்று கேட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். வருகிற நேரமும் தெரு வெறிச்சோடின நேரமாக இருக்கவேண்டும். முஸ்லிம் தெருக்களில் அது வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம். எங்கள் பக்கத்தில் தேர்த் திருவிழாக் காலை. ஊரே வடம் பிடித்துத் தேர் இழுக்கிற வேளையில் பவுசர் ஒழுங்கை ஒழுங்கையாகக் குழாய் இழுத்துக்கொண்டிருப்பார். குழி எப்போதோ நிரம்பியிருந்தும் தேர் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். தேர் முடிந்து வீடு திரும்புகிற சனம், தெருவில் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாம்பிராணி மணப்பதைக் கண்டு, எங்கள் தெருவில் பக்தி பெருகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும்.

இப்படிப்பட்ட தொழில் செய்கிற வேறு ஒருவர் என்றால் தானுண்டு தன் வண்டியுண்டு என்று இருப்பார். இவரோ வேலை முடிந்ததும் குளித்து, வெள்ளை நீளக்கைச் சட்டை போட்டு, வளைகுடாவிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த சென்ற்றைக் கழுத்தில் பூசி, நெஞ்சுப் பை புடைக்கக் கார்டுகளோடு ஊருக்குள் இறங்குவார். ஆளைக் கண்டால் முதலில் கை நீட்டுவார், பிறகு சிரிப்பார், பிறகு கார்ட் வரும். எதிரில் நிற்பவர் இரண்டு கையிலும் மீன் வைத்திருந்தாலும் இந்த ஒழுங்கு மாறாது.

கார்டில் என்ன போடுவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. ஒருமுறை 'நிலக்கீழ் ஆலோசகர்' என்று அடிக்கச் சொன்னார். வேண்டாம் அண்ணை, ஆட்களுக்கு விளங்காது என்றேன். அடித்த அடுத்த கிழமையே கட்டைபறிச்சானிலிருந்து ஒருவர் கிணறு வெட்ட நீரோட்டம் பார்க்க வரச்சொல்லிக் கூப்பிட்டார். இவர் மறுக்கவில்லை, போனார். நீரோட்டம் பார்க்கத் தெரியாது என்பதை அங்கே போய்ச் சொல்லிவிட்டு, ஊர் முழுவதும் கார்ட் கொடுத்துவிட்டு, கொடுத்த இளநீரையும் குடித்துவிட்டு வந்தார். அடுத்த தடவை 'பாரம் குறைப்பவர்' என்று போட்டோம். அதை நம்பி ஒரு அம்மா மூட்டுவலிக்கு மருந்து கேட்டு வந்தார்.

"பேசாமல் உங்கட பேரைப் போட்டு, கீழே தொழிலைப் போடுவம் அண்ணை" என்றேன்.

"பேர் என்னத்துக்கு? பேரைப் போட்டா ஆற்ற மகன், எந்த ஊர், ஆர் பக்கத்துச் சொந்தம் எண்டு விசாரிக்கத் தொடங்குவினம். விசாரிச்சு முடியக் குழியை மறந்திடுவினம். பவுசர் எண்டு மட்டும் போடுங்கோ, காணும்."

அதன் பிறகு கார்டில் 'பவுசர்' என்ற ஒரு சொல்லும் ரெலிபோன் இலக்கமும் மட்டும் இருந்தன. எத்தனையோ ஆயிரம் கார்ட் அடித்துக் கொடுத்த எனக்கே அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. பில்லையும் பவுசர் என்றுதான் எழுதுவேன்.

கார்ட் கொடுக்க இடம், காலம் பார்க்கிற ஆள் இல்லை அவர். புல்மோட்டைக்குப் போகிற பஸ்ஸில் ஒருநாள் கனிய மணல் தொழிற்சாலை வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பொடியனுக்குப் பக்கத்தில் இருந்தார். நிலாவெளியில் அறிமுகம் தொடங்கியது. குச்சவெளி வருவதற்குள் பஸ் முழுவதும் கார்ட். நின்றுகொண்டு வந்தவர்கள் விசிறிக்கொள்ளவும் அது உதவியது. கொண்டக்டர் தன்னுடைய கார்டை முன் கண்ணாடியில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் செருகிவிட்டான். பவுசர் அதைப் பல நாள் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

செத்த வீட்டுக் கதை இதைவிட மோசம். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமாகி, மகன் வாசலில் கைகட்டி நின்றார். வரிசையில் வந்த பவுசர் அவருடைய கையைப் பிடித்தார், தலையைக் குனிந்தார், கண்ணும் கலங்கியது. எல்லாம் முறைப்படி. கையை எடுத்தபோது மகனுடைய உள்ளங்கையில் கார்ட் இருந்தது. நான் அவரை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"அண்ணை, செத்த வீட்டில இது சரியே?"

"தம்பி, இண்டையில இருந்து முப்பத்தொண்டாம் நாள் வரைக்கும் இந்த வீட்டுக்கு எத்தினை சனம் வந்து போகும்? சாப்பிடும், தேத்தண்ணி குடிக்கும். குழி பழங்காலத்துக் குழி. நான் சொல்லாம ஆர் சொல்லுறது?"

எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த கையோடு மகன் அந்த அலுவலுக்குக் கூப்பிட்டார். கூப்பிட்டதை எனக்குச் சொல்லவில்லை. சாம்பிராணி மணந்தது, நான் விளங்கிக்கொண்டேன்.

இதெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாமல் போனது அவருடைய ஞாபகசக்தியைத்தான். நாங்கள் ஆட்களை முகம் பார்த்து அடையாளம் பிடிப்போம். அவர் குழியை வைத்துப் பிடிப்பார். வங்கி வரிசையில் ஒரு நகைக்கடை முதலாளி நிற்கிறார். பவுசருக்குத் திடீரென்று முகம் மலர்ந்துவிடும்.

"ஐயா! பலா மரத்தடி! கருங்கல்லுக் கட்டு, ரெண்டு அறை! அப்பிடி ஒரு குழி இப்ப ஆர் கட்டுறான்?"

மனிதர் மனம் நிறைந்துதான் பாராட்டுவார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் முதலாளியைத் திரும்பிப் பார்ப்பார்கள். முதலாளி பணம் எடுக்காமலே வெளியே போய்விடுவார். இதனால் கலியாண வீடுகளில் பவுசர் உள்ளே வரக்கண்டதும் பெரிய மனிதர்கள் குசினிப் பக்கமாக நழுவுகிற வழக்கம் உண்டானது. ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளையின் தகப்பனைத் தாலி கட்டுகிற நேரத்தில் தேடிப்பிடித்துக் கொண்டுவர வேண்டியிருந்தது.

இப்படி எல்லோருக்கும் தெரிந்த, ஒருவருக்கும் தெரியாத மனிதராகவே அவர் காலத்தைக் கடத்தியிருப்பார். அந்த நேரம் பார்த்துக் கொழும்புக் கம்பனி ஒன்று வந்து சேர்ந்தது. கடுதாசி மாதிரி வெள்ளையான புது வண்டிகள், மஞ்சள் சட்டை போட்ட பொடியன்கள், வண்டியில் எழுதியிருக்கும் எழுத்திலேயே ஒரு வாசனை. உப்புவெளியில் இருக்கிற ஹொட்டேல்கள் எல்லாம் சேர்ந்து, இனிமேல் வருஷ ஒப்பந்தம்தான், அதுவும் எங்கள் வர்த்தகர் சங்கத்தில் அங்கத்தவராக இருக்கிற ஆளுக்குத்தான் என்று முடிவெடுத்தன. பவுசருக்கு வீடுகள் ஜும்ஆ நேரத்திலும் தேர் நாளிலும்தான் வேலை கொடுக்கும். வருஷம் முழுவதும் வண்டி ஓடுவது ஹொட்டேல்களால்தான். ஹொட்டேல் கைவிட்டுப் போனால் வண்டியை விற்க வேண்டியதுதான்.

சங்கத்தில் சேர்வதற்கு ஒரு விதி இருந்தது. இரண்டு அங்கத்தவர்கள் சபையில் எழுந்து நிற்கவேண்டும். 'இவரை எனக்குத் தெரியும், இவரோடு எனக்குத் தொழில் தொடர்பு உண்டு' என்று எல்லோர் முன்னாலும் வாய் திறந்து சொல்லவேண்டும். ஒருவர் முன்மொழிவார், மற்றவர் வழிமொழிவார்.

முன்மொழிய நான் சம்மதித்தேன். எனக்கு இழக்க ஒன்றுமில்லை, என் அச்சகத்தில் மலசலகூடமே கிடையாது. வழிமொழிய ஒருவரைத் தேடித்தான் நாங்கள் இருவரும் மோட்டார் சைக்கிளில் அலைந்தோம்.

முதலில் பஸ் நிலையத்தடிச் சாப்பாட்டுக்கடை நானாவிடம் போனோம். ஊரே நானா என்று கூப்பிடுகிற கிண்ணியாக்காரர், தங்கமான மனிதர். பால் விடாத பிளேன்டி வரவழைத்துக் கொடுத்தார்.

"மகன், உங்கள எனக்குத் தெரியாதா? உங்கள மாதிரி ஒரு ஆள் ஊருக்குத் தேவை. ஆனா சோத்துக்கடைக்காரன் நான் எழும்பி உங்களத் தெரியுமெண்டு சொன்னா, அடுத்த நாள் புரியாணிக்கு ஆரு வருவான்? நீங்களே சொல்லுங்க."

பவுசர் யோசித்துப் பார்த்து, நானா சொல்வது சரி என்று என்னிடமே வாதாடினார். நகைக்கடை முதலாளி பலா மரத்தைத் தறித்துவிட்டதாகச் சொன்னார். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடைசியாகச் சங்கத் தலைவரிடம் போனோம். சீமெந்து, கம்பி, தகரம் விற்கிற பெரிய கடை. கடைக்கு மனைவியின் பெயர். அது ராசியான பெயர் என்று தலைவர் எல்லோரிடமும் சொல்வார். அந்த அம்மா ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊர் அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடும்.

தலைவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. "உங்களைத் தெரியும்தான்" என்றார், கல்லாவைப் பார்த்துக்கொண்டு. "ஆனா தெரியும் எண்டு சொல்ல ஏலாது. நான் ஒரு பொறுப்பில இருக்கிறன்."

"கொழும்புக் கம்பனிக்கு வழிமொழியிறது நீங்கள்தானாமே?" என்று நான் கேட்டேன்.

"ஓம். அவையை ஒருத்தருக்கும் தெரியாதுதானே. அதில என்ன வெக்கம்?"

வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் ஏறுகிறபோது பவுசர் ஒருமுறை கடையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "தலைவரின்ர குழிக்கு மூடி வடிவான மூடி" என்றார்.

புது அங்கத்தவரைச் சேர்க்கிற கூட்டம் உப்புவெளியில் ஒரு ஹொட்டேலில் நடந்தது. இப்போது எல்லாம் வெறும் கூட்டம் வைத்தால் சனம் வராது என்று அதற்கு 'நெட்வேர்க்கிங் மாலை' என்று பெயர் வைத்து, கொழும்பிலிருந்து ஒரு பயிற்சியாளரையும் கூப்பிட்டிருந்தார்கள். தமிழ்ப் பெண்பிள்ளைதான், சின்ன வயது. முப்பது வினாடிக்குள் தன்னையும் தன் வியாபாரத்தையும் நம்பிக்கையோடு அறிமுகப்படுத்துவது எப்படி என்று சொல்லித் தந்தார். பெயரைச் சொல்லவேண்டும், மற்றவருடைய எந்தக் கஷ்டத்தை நீங்கள் தீர்க்கிறீர்கள் என்று சொல்லவேண்டும், கண்ணைப் பார்த்துச் சிரிக்கவேண்டும், அவ்வளவுதான். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து சொல்லிப் பார்க்கவேண்டி வந்தது.

முதலில் ஒரு துணிக்கடைக்காரர் எழுந்தார். "நான் கணபதிப்பிள்ளையின்ர மூத்த மகன். அம்மா வழி மூதூர். அம்மாவின்ர தமையன் கச்சேரியில இருந்தவர்..."

"சேர், உங்கட வியாபாரத்தைச் சொல்லுங்கோ" என்றார் பயிற்சியாளர்.

"அதுக்குத்தான் வாறன் பிள்ளை. முதல் நான் ஆரெண்டு விளங்கவேணுமே."

முப்பது வினாடி முடிந்தபோது அவர் பாட்டனாருடைய கலியாணத்தைக்கூட எட்டியிருக்கவில்லை. ஆனால் மூதூர் என்றதும் பின் கதிரையிலிருந்து ஒருவர், "எந்த மூதூர், பனங்காட்டு ஆக்களே?" என்று கேட்க, இரண்டு பேரும் சொந்தக்காரர் என்று கண்டுபிடித்து, ஒரு காணி வழக்கைப் பற்றிக் கதைக்கப் போய்விட்டார்கள். அடுத்து எழுந்தவர்களும் தகப்பன், பாட்டன், சம்பந்தி என்றே போனார்கள். தலைவர் தன்னைத் தவிர்ந்த எல்லாப் பெரிய மனிதர்களையும் தனக்கு எப்படித் தெரியும் என்று சொன்னார். என்னுடைய முறை வந்தபோது நான் இருமினேன். பயிற்சியாளர் பாவம், தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

அப்போது கடைசி மேசையிலிருந்து வெள்ளைச் சட்டை எழுந்தது. நான் கதிரையில் கொஞ்சம் கீழே சரிந்தேன். மண்டபத்தில் பாதிப் பேர் குசினிப் பக்கம் எங்கே என்று கண்ணால் தேடினார்கள்.

"வணக்கம். என்னைப் பவுசர் எண்டு கூப்பிடுங்கோ. நீங்கள் எல்லாரும் நல்லாச் சாப்பிடுறீங்கள், சந்தோசம். சாப்பிட்டதுக்குப் பிறகு வாற கஷ்டம் என்ர பொறுப்பு. நீங்கள் அதை நினைக்கத் தேவையில்லை, மணக்கத் தேவையில்லை, கதைக்கத் தேவையில்லை. நிம்மதியா நித்திரை கொள்ளுங்கோ. ஒரு கோல் எடுத்தாக் காணும்." சிரித்தார், இருந்தார்.

பயிற்சியாளர் கை தட்டினார். "இதுதான்! இவ்வளவு நேரமும் நான் சொன்னது இதைத்தான்!" என்று அந்தப் பிள்ளை துள்ளாத குறை. கொழும்புப் பிள்ளை, எங்கள் ஊர் வழக்கம் தெரியாது. அதே உற்சாகத்தில் மண்டபத்தைப் பார்த்துக் கேட்டார்: "இங்க இவரிட சேவையைப் பெற்ற ஆக்கள் ஆர் ஆர்? கையை உயர்த்துங்கோ பாப்பம்."

நாற்பது ஐம்பது பேர் இருந்த மண்டபம். ஒருவருடைய கையும் உயரவில்லை. நகைக்கடை முதலாளி தன் சப்பாத்து நுனியைப் பார்த்தார். நானா மேசை விரிப்பில் பூ எண்ணினார். தலைவர் தண்ணீர்க் கிளாஸைத் தூக்கி, குடிக்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரும் இல்லையா? அப்ப சேர், நீங்களே சொல்லுங்கோ. இங்க உங்கட வாடிக்கையாளர் ஆர் இருக்கினம்?"

பவுசர் மறுபடியும் எழுந்தார். மேசை மேசையாகக் கண்ணை ஓட்டினார். அங்கே இருந்த ஒவ்வொரு முகத்துக்கும் பின்னால் ஒரு வளவும் ஒரு மரமும் ஒரு மூடியும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு தடவை வாய் திறந்தால் போதும், சங்கத்தில் சேர்கிறாரோ இல்லையோ, அத்தனை பேருடைய மானமும் கப்பலேறிவிடும். அவர் வாய் திறந்தார்.

"இல்லை மிஸ். இங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது. இனித்தான் பழகவேணும்."

சொல்லிவிட்டு நெஞ்சுப் பையில் இருந்து கார்டுக் கட்டை எடுத்து, மேசை மேசையாகப் போய் எல்லோருக்கும் கார்ட் கொடுத்தார். கை நீட்டினார், சிரித்தார். "சந்திச்சதில சந்தோசம் ஐயா" என்றார் நகைக்கடை முதலாளியிடம். "என்ன வியாபாரம் செய்யிறீங்கள்?" என்று தலைவரிடம் கேட்டார். அந்தத் தடவை ஒருவரும் முகம் திருப்பவில்லை. எல்லோரும் இரண்டு கையாலும் வாங்கினார்கள். எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, அவரைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது.

அதன் பிறகு அங்கத்தவர் சேர்ப்பு. கொழும்புக் கம்பனி கைதட்டலோடு சேர்ந்தது. அடுத்ததாக நான் எழுந்து, கார்ட் அடித்துக் கொடுக்கிறவன் என்ற முறையில் பவுசரைத் தெரியும் என்று சொல்லி முன்மொழிந்தேன். "வழிமொழிபவர்?" என்று தலைவர் கூரையைப் பார்த்துக் கேட்டார். ஒருவர் கைபேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். "வழிமொழிய ஒருவரும் இல்லாதபடியால்..." என்று அவர் தொடங்கினார்.

"நான் வழிமொழியிறன்."

பெண்கள் இருந்த மேசைப் பக்கம் எல்லோரும் திரும்பினோம். ரீச்சர் எழுந்து நின்றார்.

தலைவர் சிரிக்கப் பார்த்தார். "இதுக்கு மெம்பராய் இருக்கவேணும்."

"கடை ஆற்ற பேரில கிடக்கு? என்ர பேரில. அப்ப மெம்பர் நான்தான், நீங்கள் எனக்காக வந்து இருக்கிறீங்கள்." வகுப்பில் நின்று பழகிய குரல், ஒலிவாங்கி தேவைப்படவில்லை. "இவரை எனக்கு வடிவாத் தெரியும். வருசா வருசம் தேரண்டு எங்கட வீட்டுக்கு வாறவர். கேற் திறந்து விடுறது நான், தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறது நான். என்ர மனுசன் அங்க போய் முன் வடம் பிடிப்பார். ஊரெல்லாம் தேர் பாக்கும், நான் குழி பாத்துக்கொண்டு நிப்பன். கலியாணம் கட்டி இந்த ஊருக்கு வந்து நான் ஒருக்காலும் தேர் பாக்கேல்லை. இந்த வருசம் பாக்கவேணும். வழிமொழியிறன்."

இருந்துவிட்டார். தலைவர் கிளாஸில் மிச்சமிருந்த தண்ணீரை ஒருவாறு விழுங்கினார். "சபை ஏற்றுக்கொள்கிறது" என்றார், சபையைக் கேட்காமலே.

முதலில் நானாதான் கை தட்டினார். கூட்டம் கலைகிறபோது பவுசரைத் தேடி வந்து, தோளில் கை போட்டு, எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார்: "மகன், நாளைக்கு வாங்க. வெளிச்சத்தில வாங்க. சோத்து நேரத்துக்கு மட்டும் வந்திராதீங்க." நகைக்கடை முதலாளி கொஞ்சம் தள்ளி நின்று, பலா மரம் இன்னும் நிற்கிறது என்ற உண்மையை ஒப்புக்கொண்டார்.

ஹொட்டேல்களில் இரண்டு மூன்று கொழும்புக் கம்பனிக்குப் போயின. மிச்சமெல்லாம் பவுசரிடமே நின்றன. வண்டி தப்பியது. வீடுகளும் இப்போது கிழமை நாட்களில், பட்டப்பகலில், "பவுசர் அண்ணை, குழி நிரம்பிட்டுது" என்று வாய்விட்டுக் கூப்பிடுகின்றன. எங்கள் தெருவில் பக்தி குறைந்துவிட்டது, சாம்பிராணி மணப்பது நன்றாகக் குறைவு.

அந்த வருஷத் தேருக்கு ரீச்சர் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். தேர் தரித்து நின்ற முட்டியை விட்டு அசைந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குச் சற்றுப் பின்னால், வெள்ளைச் சட்டையோடு பவுசர் வாயைத் திறந்தபடி தேரின் உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊருக்குத் தேர் நாள் என்றால் அவருக்கு வேலை நாள். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவரும் தேர் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் ஒருவருக்கும் கார்ட் கொடுக்கவில்லை. சனம்தான் வந்து வந்து அவரோடு கதைத்துவிட்டுப் போனது.

தேர் முடிந்து சில நாளில் அச்சகத்துக்கு வந்தார். வழக்கமாக வருகிற நேரம்தான். நான் கடுதாசியை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்த முறை என்ன போடுவம் அண்ணை?" என்று கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. இப்ப எல்லாருக்கும் என்னைத் தெரியுமே. கார்ட் என்னத்துக்கு?"

என்னுடைய நிரந்தர வாடிக்கையாளர் போய்விட்டார். ரீச்சர் வழிமொழிந்ததில் நட்டப்பட்ட ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் போகாமல் நின்றார். நெஞ்சுப் பையைத் தடவி, மிஞ்சிக் கிடந்த ஒரே ஒரு கார்டை எடுத்தார்.

"ஊர் முழுக்கக் குடுத்தனான். உங்களுக்குத் தரேல்லை, என்ன?"

உண்மைதான். அடித்துக் கொடுத்தவனுக்கு எதற்குக் கார்ட் என்று நானும் நினைத்ததில்லை. அவர் சட்டையை இழுத்துச் சரிசெய்தார், கையை நீட்டினார், சிரித்தார். நானும் கதிரையை விட்டு எழுந்தேன். என் கையெல்லாம் மை. அதைப் பொருட்படுத்தாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தன் சொந்தப் பெயரைச் சொன்னார்.

இத்தனை அச்சடித்தவன் அந்தப் பெயரை மட்டும் இங்கே அச்சடிக்கப் போவதில்லை. அது ஊருக்குக் கொடுத்தது இல்லை, எனக்குத் தந்தது.